பெங்களூரில் முதுகு காட்டிய கதை

1

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து பெஞ்சமின் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

“ஏலே லாரன்ஸு, நீ எலும்ப முறிக்க ஆள்ட்ட போனியாமே? உன் வீட்டம்மா என் வீட்டம்மாட்ட சொல்லிச்சாம்.”

“முறிக்கிறதில்லலே. கைரோபிராக்டர்னு பேரு. முதுகெலும்பு மூட்டெல்லாம் இறுகிப்போயிருந்தா கையாலயே இளக்கிவிடுறவங்க.”

“அதத்தான் கேக்கேன். எனக்கு ஒரு மாசமா இடுப்பு பிடிச்சிருக்கு. இங்கயும் புதுசா ஒருத்தன் போர்டு மாட்டிருக்கான். போவட்டா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு.”

அதை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் என் கல்யாணத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. “எழுதி அனுப்புறேன், பொறுமையா படி” என்றேன். அவனுக்காக எழுத உட்கார்ந்தது இது. ஊரில் முதுகைப் பிடித்துக்கொண்டு திரியும் மற்றவர்களும் படிக்கலாம்.

2

நான் பெங்களூருக்கு வந்து இந்த ஜனவரியோடு இருபத்தைந்து வருடம். கல்யாணமாகியும் இருபத்தைந்து வருடம். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை. ஃபிலோமினா பெங்களூர்ப் பெண். அவள் தாத்தா காலத்திலேயே கண்டோன்மென்ட் பக்கம் வந்து தங்கிவிட்ட குடும்பம். கல்யாணம் தூத்துக்குடியில், எங்கள் கோயிலில் நடந்தது. ஐந்தாம் நாள் பெண் வீட்டுக்கு மறுவீடு வந்தவன், இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். மறுவீட்டுக்குப் போய் இருபத்தைந்து வருடமாகத் திரும்பாத மாப்பிள்ளை என்று என் அண்ணன் இன்றும் கேலி செய்கிறான்.

இங்கே காக்ஸ் டவுனில் நம் கிறிஸ்தவ ஆட்களின் கல்யாண வரவேற்பில் ஒரு வழக்கம் உண்டு. கேக் வெட்டிய பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் ஜோடியாக ஆடுவார்கள். அதன் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். வயதானவர்கள்கூட சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அழகாகச் சுற்றுவார்கள். நம் ஊரில் ஏது அதெல்லாம்? எங்கள் கல்யாணத்தில் பிரியாணி போட்டார்கள், மைக்கில் நாலு பேர் வாழ்த்துப்பா வாசித்தார்கள், முடிந்தது. ஃபிலோவின் அக்கா தங்கைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் ஆடினார்கள். அவள் மட்டும் ஆடவில்லை. குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, ஏதோ ஒரு வரவேற்பில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, “நமக்குத்தான் இது இல்லாமப் போச்சு, இல்ல?” என்றாள். சொல்லிவிட்டு ஐஸ்க்ரீம் எடுக்கப் போய்விட்டாள். பத்து வருடமாவது இருக்கும். என் மனதிலிருந்து அது போகவில்லை.

எனவே இந்த ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, கோயில் ஹாலில் எங்கள் வெள்ளிவிழா விருந்தில், அவளுக்குத் தெரியாமல் ஆடக் கற்றுக்கொண்டு அவள் கையைப் பிடித்து நடுவில் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். என் மகள் ரீனாதான் வாத்தியார். வயது இருபது, கல்லூரியில் கடைசி வருடம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. தோழிகளோடு கன்னடம், எங்களோடு பாதித் தமிழ், தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது இங்கிலீஷ். என்னைக் கூப்பிடுவது “டாடி”. அப்பா என்று சொல்லவைக்க ஒரு காலத்தில் பாடுபட்டேன். எந்தச் சொல்லில் கூப்பிட்டால் என்ன, ஒரு மாதமாக மாடியில் நின்று, “டாடி, லெஃப்ட் காலு! அது ரைட்டு! ஐயோ, உங்களுக்குக் காலே ரெண்டுதானே, இன்னா கன்ஃபியூஷன்?” என்று அவள் என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த சந்தோஷம் எனக்குப் போதும்.

3

ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள், மாடியில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கப் போனேன். “ஸ்டூலு மேல ஏறாதீங்க, அது ஆடுது, ரீனா வரட்டும்” என்று ஃபிலோ சொல்லியிருந்தாள். ஏறினேன். பத்திரமாகவே இறங்கினேன். அதோடு கீழே வந்திருக்கலாம். ஆனால் கையில் ஸ்டார். மாலை வெயில். மாடியில் யாருமில்லை. ஸ்டாரை ஆள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, ஒன், டூ, த்ரீ என்று எண்ணி, ரீனா சொன்ன திருப்பத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்று நன்றாக வந்தது. இரண்டாவதில் பின்னால் வைத்த குதிகால் தண்ணீர்த்தொட்டிக் குழாயில் மாட்டியது. அப்படியே சிமெண்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். ஸ்டாருக்கு ஒரு கிழிசல் இல்லை.

கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். பிறகு எழுந்து கீழே வந்து, “பாரு, முழுசா இறக்கிட்டேன்” என்று ஸ்டாரை நீட்டினேன். விழுந்ததைச் சொன்னால் எப்படி விழுந்தாய் என்பாள். அதைச் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். இடுப்புக்குக் கீழே லேசான வலிதான். தைலம் தேய்த்துக்கொண்டேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை எனக்கு. மெட்ரோவில் நின்றுகொண்டு போய் வந்தேன்.

விருந்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. முதுகுக்குள் யாரோ பூட்டைப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்ட மாதிரி. ஃபிலோ பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் மழலையர் வகுப்பு டீச்சர்.

“இன்னாங்க, தரையில இன்னா தேடுறீங்க?”

“ஒண்ணும் தேடல. வர முடியல.”

அவளும் ரீனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைக் கட்டிலில் சாய்த்தார்கள். ரீனா என்னையே பார்த்தாள். பன்னிரண்டு நாள் என்று அவளும் எண்ணுகிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

4

ஃபிலோவின் பள்ளியில் ஒரு டீச்சர், பக்கத்துத் தெரு கிளினிக்கைச் சொன்னாள். டாக்டர் சஹானா, வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு வந்தவர். பெஞ்சமின், இதைக் குறித்துக்கொள். முதலில் கேட்க வேண்டியது, எங்கே படித்தார், எத்தனை வருடம் படித்தார் என்பதுதான். போர்டு யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சஹானாவின் படிப்புச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரிலேயே தொங்கியது. கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதே.

அப்பாயிண்ட்மெண்டுக்கு நானே போன் செய்தேன். அங்கே இருந்த பெண் கன்னடத்தில் கேட்டாள்.

“பென்னா சார்?”

“இல்லம்மா, ஆம்பள. அம்பத்துமூணு வயசு.”

“சொண்ட நோவா?” என்றாள்.

“ஆமாம்மா, என் சொந்த நோவுதான். வேற யாருக்கும் இல்ல.”

ரீனா போனைப் பிடுங்கிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தபடியே பேசி முடித்தாள். கன்னடத்தில் பென்னு என்றால் முதுகு, சொண்ட என்றால் இடுப்பு. இருபத்தைந்து வருடத்தில் இவை எனக்குத் தெரியாத சொற்கள் அல்ல. பஸ்ஸில், சந்தையில், ஆபீஸில் தைரியமாகவே கன்னடம் பேசுகிறவன் நான். வலி வந்துவிட்டால் மட்டும் காது நேராகத் தூத்துக்குடிக்குப் போய்விடுகிறது.

“டாக்டர் அட்ஜஸ்ட் பண்ணுவாங்களாம்” என்றாள் ரீனா. மூட்டை இளக்குவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அதுதானாம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார வரும்போது, வாடகை வீட்டில் தண்ணீர் வராதபோது, ஆபீஸில் லீவு கிடைக்காதபோது, எல்லாவற்றுக்கும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, அதாவது கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள், என்று சொல்லும் ஊர் இது. இத்தனை வருடம் ஊருக்காக நான் செய்ததை இன்று ஒருத்தர் எனக்காகச் செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் மூன்று பக்கப் படிவம். எலும்பு முறிந்திருக்கிறதா, ஆபரேஷன் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், சிறுநீர் போவதில் சிரமம். ஒரு முதுகுவலிக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சல். ஒரு மனித உருவத்தை முன்பக்கம் பின்பக்கமாக வரைந்து, வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியில் பார்க்கிற ஞாபகத்தில் வலதுக்கு இடதாகப் போட்டேன். ஃபிலோ பார்த்துத் திருத்தினாள். ‘கடந்த மூன்று மாதத்தில் விழுந்தீர்களா, அடிபட்டீர்களா’ என்ற கேள்வி வந்தது. ஃபிலோ தோளுக்குப் பக்கத்தில் இருந்தாள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு உட்கார்ந்திருந்தோம். “மைக்கேல்! மைக்கேல்!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரோ மைக்கேலைக் காணோமே என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

“டாடி, உங்களத்தான்.”

என் அப்பா பெயர் மிக்கேல். நம் இனிஷியலை இங்கே விரித்து எழுதினால் அதுதான் குடும்பப் பெயர் ஆகிவிடும். கேஸ் கனெக்ஷன், பாங்க், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இந்த ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. ஆனாலும் இந்த நகரத்தின் எல்லா ஆபீசிலும் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார்கள். கோணலாக எழுந்து உள்ளே போனேன்.

5

டாக்டர் சஹானாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உருவம். இவரா என் முதுகை அசைக்கப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

“நான் ஹாசன் பக்கம். தமிழ் கேட்டா புரியும். பேசினா நீங்க சிரிப்பீங்க” என்றார். “பரவால்ல, சிரிச்சாலும் முதுகுக்கு நல்லதுதான்.”

உடனே படுக்கவைத்து முறிப்பார் என்று நினைத்திருந்தேன். வீடியோவில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். தலையைப் பிடித்து ஒரு திருகு, நொறுக்குச் சத்தம், முடிந்தது. இங்கே அரைமணி நேரம் கேள்விதான். ரத்த அழுத்தம் பார்த்தார். முழங்காலில் ரப்பர் சுத்தியால் தட்டினார். குதிகாலில் நடக்கச் சொன்னார், விரல்நுனியில் நடக்கச் சொன்னார். காலை மேலே தூக்கி எங்கே வலிக்கிறது என்று கேட்டார். எனக்குப் புரியாத இடத்தில் ரீனா தமிழாக்கினாள்.

“டாடி, காலு ஜோமு புடிக்குதா?”

“என்னது?”

“அதான்... காலு தூங்கிடுமே, எறும்பு எறும்பா... அதுக்குத் தமிழ்ல இன்னா?”

“மரத்துப்போறது.”

“மரமா? காலு மரமாகுமா?” அவளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. அங்கேயே நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மரத்துப்போகவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

அதன் பிறகு டாக்டர் முதுகெலும்பு நெடுக மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே ஓரிடத்தில் தட்டியதும் கத்திவிட்டேன். அவர் கையை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார்.

“விழுந்தீங்களா சார்?”

“இல்ல.”

“சார், நீங்க இல்லன்னு சொன்னா, நான் இப்ப இந்த இடத்துல அழுத்துவேன். எலும்புல கீறல் இருந்தா அது இன்னும் மோசமாகும். என் கையிக்கு எக்ஸ்ரே கண்ணு இல்ல. நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு.”

ரீனா கூரையைப் பார்த்தாள். ஃபிலோ என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளில் ஆட வேண்டும், அதற்காகவாவது இன்றைக்கே சரியாக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் மறைத்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு மறைக்க வாய் வரவில்லை.

“விழுந்தேன். மாடியில. எட்டு நாளாச்சு.”

“ஸ்டூலு மேல ஏறினீங்களா!” என்றாள் ஃபிலோ.

“ஏறினேன். ஆனா ஸ்டூல்லருந்து விழல.”

“பின்ன?”

“இறங்கினப்புறம்தான் விழுந்தேன். தரையிலருந்து.”

“தரையிலருந்து எப்படிங்க விழுவாங்க?”

டாக்டரும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். “ஆடிக்கிட்டிருந்தேன்” என்றேன்.

“ஆடினீங்களா? யாரோட?”

“ஸ்டாரோட.”

ரீனாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரு மாதப் பயிற்சி, போனில் பாட்டு, ஹாலில் செய்ய நினைத்த ஆச்சரியம், எல்லாம். டாக்டருக்குப் புரியவேண்டும் என்று கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னாள். ஃபிலோ திட்டுவாள் என்று நான் தலையைக் குனிந்திருந்தேன். திட்டுக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, அவள் கைப்பையில் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு ஐஸ்க்ரீம் எடுக்கப் போறப்ப நீ சொன்னது...” என்று தொடங்கினேன்.

“நான் எப்பவோ சொன்னது. அத வச்சிக்கினு இருந்தீங்களா?” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பி, “மேடம், இவர எப்படியாவது ஆட வெய்யிங்க. ஆனா எலும்பு உடையாம” என்றாள்.

டாக்டர் சிரித்தார். ஆனால் கையை முதுகில் வைக்கவில்லை. “முதல்ல எக்ஸ்ரே. அது வர்ற வரைக்கும் நான் தொடமாட்டேன்” என்றார். சின்ன வயதில் வீசிங்குக்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்து சொன்னேன். சில மாத்திரைகள் எலும்பை மெலியவைக்கும், அதனால் எக்ஸ்ரே இன்னும் அவசியம் என்றார். கால் திடீரென்று பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தன்னிடம் வரக்கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னார்.

பெஞ்சமின், முதல் நாளே எல்லாரையும் ஒரேமாதிரி படுக்கவைத்து முறிக்கிறவனாக உன் போர்டுக்காரன் இருந்தால் போகாதே. தொடமாட்டேன் என்று சொல்லத் தெரிந்த கையிடம் போ.

6

எக்ஸ்ரே எடுத்த இரவு யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. முறிவு என்று வந்தால் விருந்தில் நாற்காலிதான் என்று எனக்குத் தெரியும். ஃபிலோ சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். போகும்போது வாசலில் திரும்பி, “ஸ்டாரு நல்லா ஆடிச்சா?” என்று கேட்டாள்.

“கால மிதிக்கல.”

“நானும் மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் ரிப்போர்ட் வந்தது. முறிவு இல்லை, கீறல் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் தசைகள் இறுகி, இடுப்பு மூட்டுகள் அசையாமல் நின்றுவிட்டன என்றார் டாக்டர். ரீனா கிளினிக் நடுவிலேயே “சக்கத்!” என்று கத்தினாள். பிரமாதம் என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் சொல்.

டாக்டர் ஒரு சம்மதக் காகிதம் நீட்டினார். என்ன செய்யப்போகிறார், என்ன ஆபத்து வரலாம், செய்யாமல் விட்டு உடற்பயிற்சி மட்டும் செய்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் விளக்கினார். கழுத்தைத் திருகுவது எனக்குப் பயம் என்றேன். “உங்க கழுத்துக்கு ஒண்ணும் இல்ல. நான் எதுக்குத் தொடணும்? தேவைப்பட்டாலும் நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்” என்றார். சத்தம் வந்தால் எலும்பு முறிந்ததாக அர்த்தமில்லையாம். மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக்குமிழி உண்டாகிற சத்தமாம். நம் விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான். சத்தமே வராவிட்டாலும் பலன் உண்டு என்றார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மேல் காலை மடக்கி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அந்த ஒல்லிக் கையில் இவ்வளவு உறுதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“உசிரு பிடி, சார்” என்றார்.

உயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்றால் பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது. மூச்சை இழுத்து இறுக்கிப் பிடித்தேன்.

“பிடி, பிடி.”

இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கண் பிதுங்கியது.

“சார், பிடி!”

“டாடி!” என்று ரீனா கத்தினாள். “விடுங்க டாடி! கன்னடத்துல பிடின்னா விடுறது! மூச்ச விடச் சொல்றாங்க!”

உசிரு என்றால் அவர்களுக்கு மூச்சு. பிடி என்றால் விடு. அவர்களுடையது ‘பீடி’யில் வருகிற ப, ஆனால் நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. இது தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. பிடித்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியேறியது. உடம்பு தளர்ந்த அந்த நொடியில் டாக்டர் சட்டென்று ஒரு அழுத்து அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். வலி இல்லை. பூட்டு திறந்த மாதிரி இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். நின்றேன். நேராக நின்றேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. இரண்டு நாளாக நான் பார்த்ததெல்லாம் தரையும் மற்றவர்களின் செருப்பும்தான். ஃபிலோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா தெரியுது?”

“நீ தெரியிற” என்றேன். ரீனா காதைப் பொத்திக்கொண்டாள்.

7

ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. அதையும் எழுத வேண்டும். மறுநாள் காலை, மூட்டை தூக்கியவனைப் போல உடம்பெல்லாம் வலித்தது. பயந்துபோய் போன் செய்தேன். முந்தின நாளே சொல்லியிருந்தாராம், ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கும் என்று. நான் சந்தோஷத்தில் கேட்கவில்லை. அந்தப் பத்து நாளில் மூன்று தடவை போனேன். நான்காவது தேவைப்படாது, வீட்டில் செய்யும் பயிற்சிதான் முக்கியம் என்று அவரே சொன்னார். தினமும் ஐந்து பயிற்சிகள் எழுதிக்கொடுத்திருந்தார். அவற்றில் நான்கைத்தான் செய்தேன்.

ஆட்டத்துக்கு அனுமதி கேட்டோம். சின்னச் சின்ன அடி வைக்கலாம், மெதுவாகத் திரும்பலாம், பெண்ணைப் பின்னால் சாய்ப்பது, தூக்குவது எல்லாம் கிடையாது என்றார் டாக்டர். “இவர் என்னைத் தூக்கறதா?” என்று ஃபிலோ சிரித்தாள்.

இரகசியம் போனபின் வாத்தியார் மாறிவிட்டார். காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, குக்கர் விசில் வருகிற நேரத்தில் சமையலறையில் பயிற்சி. ஃபிலோவின் கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவளும் அவள் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பழகினார்களாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை தூத்துக்குடி என்று முடிவாவதற்கு முந்தின வருடம் அது.

சனிக்கிழமை வந்தது. ஹால் நிறைந்திருந்தது. ஊரிலிருந்து அண்ணன் வந்திருந்தான். ரீனா மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் தொடங்கி, கன்னடத்தில் ஒரு ஜோக் சொல்லி, தமிழில், “இப்ப என் டாடியும் மம்மியும் ஆடப்போறாங்க, யாரும் சிரிக்கக்கூடாது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. நான் ஃபிலோவின் கையைப் பிடித்து நடுவில் கூட்டிப்போனேன். பச்சைப் பட்டுச் சேலையில் இருந்தாள். பத்து அடி சரியாக வந்தது. பதினோராவதில் எந்தக் கால் என்று மறந்து நின்றுவிட்டேன். அவள் அசையவே இல்லாத மாதிரி அசைந்து, என் கையை லேசாக இழுத்து, என் கால் தானே போகும்படி செய்தாள். பார்க்கிறவர்களுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன் என்று தோன்றியிருக்கும்.

பாதிப் பாட்டில் அவள் தலை என் தோளில் இருந்தது. ஏதோ சொன்னாள். ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன், “ஒண்ணுமில்ல, திரும்புங்க” என்றாள். திரும்பினேன். இடுப்பில் சின்னதாக ஒரு சுருக், அவ்வளவுதான். கால் தடுமாறவில்லை. அண்ணன் நாற்காலியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். மற்ற ஜோடிகள் நடுவுக்கு வரத் தொடங்கினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. கும்பிட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த நாற்காலியை நோக்கி ஒரு அடி வைத்தேன். கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஃபிலோ என் விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வையோடு, கல்யாணத்தன்று இருந்த இருபத்துமூன்று வயதுக்காரி மாதிரி இருந்தாள்.

“எங்க போறீங்க?” என்றாள். “அது கல்யாணத்தன்னிக்கு ஆடாம விட்டது. இப்ப வெள்ளிவிழாக்கு ஒண்ணு ஆடணும்ல?”